டெண்டர் பெட்டிக்கு வெளியே

சாலை வேலை யாருக்குப் போகிறது என்பதை ஊரறியச் செய்வதற்காகக் கர்நாடகம் 1999-ல் ஒரு சட்டம் இயற்றியது. அதை மீறாமலே அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கியதும் காதில் முதலில் விழுவது தமிழ். பிறகுதான் கன்னடம். மில் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் தலைமுறைகளுக்கு முன் பெங்களூருக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் வாழும் பேட்டை இது. மில்கள் மூடிவிட்டன. பக்கத்தில் ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி பளபளக்கும் மால் நிற்கிறது. மில்லை நம்பி வந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை கட்டட வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் ஆட்டோவுக்கும் போனது. ரோடு வேலைக்கும்தான்.

பெங்களூரில் ஜல்லி கொட்டித் தார் ஊற்றும் மேஸ்திரியிடம் போய், இந்த வேலையை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால், தனக்கு ஒரு படி மேலே இருப்பவரின் பெயர் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்த ஆளுக்கு மேலே ஒரு சப்-கான்ட்ராக்டர் இருப்பார். சப்-கான்ட்ராக்டருக்கு மேலே கான்ட்ராக்டர். பல வேலைகளில் அவருக்கும் மேலே, டெண்டரே இல்லாமல் அந்த வேலையைப் பெற்ற ஒரு அரசு நிறுவனம் உட்கார்ந்திருக்கும். ஒரு தெருவுக்கு ரோடு போட அரசு ஒதுக்கும் பணம் இத்தனை கைகளைத் தாண்டித்தான் தெருவுக்கு வந்துசேர வேண்டும்.

பேட்டையின் தெற்கு விளிம்பில் ஓகளிபுரம். அங்கிருந்து கோடே சர்க்கிள் வரை சிக்னல் இல்லாத எட்டு வழிப்பாதை அமைக்க மாநகராட்சி 2010-களின் தொடக்கத்தில் கிளம்பியது. ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் கான்கிரீட் பெட்டிகளைத் தள்ளிப் பாதை திறக்க வேண்டும். டெண்டர் விட்டது மாநகராட்சி, நிலமும் தண்டவாளமும் ரயில்வேக்குச் சொந்தம். அனுமதிக்காகக் கோப்பு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்ததில் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பள்ளம் தோண்டியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள், பாதை பகுதி பகுதியாகத் திறப்பதற்குள் உயர்நிலைப் பள்ளியை எட்டிவிட்டார்கள். ஒரு சாலை எப்போது முடியும், எவ்வளவுக்கு முடியும் என்பதெல்லாம் முதல் மண்வெட்டி விழும் முன்பே, டெண்டர் காகிதத்தில் பாதி முடிவாகிவிடுகிறது. அந்தக் காகிதத்துக்கு ஒழுங்கு விதிக்கத்தான் சட்டம் வந்தது.

சட்டத்துக்கு முந்தைய காலத்தை பழைய கான்ட்ராக்டர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெண்டர் படிவம் விற்கும் அலுவலக வாசலில் நாலு தடியர்கள் நிற்பார்கள். வெளியாள் வந்தால் படிவம் தீர்ந்துவிட்டது என்ற பதில் கிடைக்கும். யாரும் படிக்காத ஒரு பத்திரிகையின் மூலையில், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, விளம்பரம் வரும். உள்ளூர்க் கான்ட்ராக்டர்கள் கூடிப் பேசி இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கூடுதல் தொகை எழுதிய டெண்டரைச் சும்மா பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். இந்தியா முழுவதற்கும் பொதுவான வழக்கம் இது. கர்நாடகம் தனியாகக் கண்டுபிடித்தது எதுவுமில்லை.

இதற்கு முதலில் சட்டம் போட்டது தமிழ்நாடு. மத்திய அரசும் பெரும்பாலான மாநிலங்களும் நிதி விதிகளையும் சுற்றறிக்கைகளையும் வைத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், கருணாநிதி அரசு 1998-ல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்து கர்நாடகம். அதன் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1999-ஆம் ஆண்டுப் பெயரைத் தாங்கி, எஸ்.எம். கிருஷ்ணா முதல்வராக இருந்த 2000-ல் அமலுக்கு வந்தது. சுற்றறிக்கையை மீறும் அதிகாரிக்கு ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். சட்டத்தை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் மட்டும் 5,000 ரூபாய் வரை. கோடிகள் புரளும் தொழிலில் இந்தத் தொகை ஒரு நாள் டீசல் செலவுக்குக்கூடக் காணாது.

சட்டத்தின் எலும்புக்கூடு எளிமையானது. டெண்டர் இல்லாமல் எந்த அரசு அமைப்பும் எதையும் வாங்கக் கூடாது, எந்த வேலையையும் கொடுக்கக் கூடாது. டெண்டரை அழைப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர் என்று பொறுப்பு பிரிக்கப்பட்டது. அறிவிப்பு டெண்டர் புல்லட்டினில் வர வேண்டும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 30 நாளும், அதற்கு மேற்பட்ட வேலைக்கு 60 நாளும் அவகாசம் தர வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் கூறின. அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். தோற்றவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எந்த அடிப்படையில் தேர்வு செய்யப் போகிறோம் என்பதை டெண்டர் ஆவணத்திலேயே முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் கோல் கம்பத்தை நகர்த்தக் கூடாது என்பதே இதன் பொருள்.

2007-ல் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. கர்நாடகத்தின் மின் கொள்முதல் தளம் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் காட்சிப் பொருளானது. வாசலில் நின்ற தடியர்களுக்கு வேலை இல்லாமல் போனது. யார் படிவம் வாங்கினார், எந்த நிமிடம் டெண்டர் போட்டார் என்பதெல்லாம் பதிவாயிற்று. ஆனால் 2019-ல் அந்தத் தளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்தார்கள். கான்ட்ராக்டர்கள் கட்டியிருந்த முன்வைப்புத் தொகையிலிருந்து சுமார் 11.5 கோடி ரூபாயை வேறு கணக்குகளுக்குத் திருப்பிவிட்டார்கள். டெண்டர் பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடிய பழைய கதையின் கம்ப்யூட்டர் பதிப்பு இது. பிறகு புதிய தளம் வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு எப்படி டெண்டர் இல்லாமல் வேலை போகிறது? விடை சட்டத்தின் நான்காவது பிரிவில் இருக்கிறது. விதிவிலக்குகளின் பட்டியல் அது. இயற்கைச் சீற்றம், அவசரநிலை என்றால் டெண்டர் வேண்டாம். ஒரே ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் பொருள் என்றால், நிபுணர் குழு ஒப்புக்கொண்ட பிறகு, வேண்டாம். குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த சில்லறை வேலை என்றால் வேண்டாம். எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது. வெள்ளத்தில் பாலம் அடித்துக்கொண்டு போன ஊருக்கு 60 நாள் காத்திரு என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டியலில்தான் 'ஜி' என்ற உட்பிரிவும் இருக்கிறது. அரசு அவ்வப்போது அறிவிக்கும் குறிப்பிட்ட கொள்முதல்களுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. எதை அறிவிக்கலாம், எதற்காக அறிவிக்கலாம் என்பதற்கு அந்த வரியில் எல்லை எதுவுமில்லை.

கர்நாடகத் தலைமைச் செயலகத்தில் '4-ஜி' என்றால் செல்போன் ஞாபகம் வருபவர்கள் புதியவர்கள். பழையவர்களுக்கு அது விலக்கு கேட்டு நிதித் துறைக்குப் போகும் கோப்பு. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கோப்பு நடந்திருக்கிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது 4-ஜி-யைக் கண்டித்தவர்கள் ஆளுங்கட்சியானதும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்த விலக்கில் அதிகம் பலனடைந்தது கர்நாடக ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிறுவனம். இதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1974-ல் 'கர்நாடக நில ராணுவக் கழகம்' என்ற பெயரில் பிறந்த அமைப்பு இது. இடைத்தரகர்களான கான்ட்ராக்டர்களை ஒழித்து, கிராமத்து ஏழைகளுக்கு நேரடியாக வேலை கொடுத்து, ரோடும் ஏரியும் கட்டுவது நோக்கம். 2009-ல் பெயர் மாறியது. நோக்கமும் எங்கோ வழியில் நழுவிவிட்டது என்பது கான்ட்ராக்டர்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. டெண்டர் இல்லாமல் வேலையை வாங்கி, தன் சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியாட்களிடம் பிரித்துக் கொடுக்கிறது என்கிறார்கள் அவர்கள். அந்த வெளியாள் யார் என்பதை எந்த டெண்டர் புல்லட்டினும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது உள்ளூர் அரசியல்வாதிக்கு வேண்டியவர். கிராமத்துக்காகப் பிறந்த நிறுவனம் பெங்களூர் வார்டுகளில் சாக்கடையும் தார்ச்சாலையும் போட வந்து சேர்ந்தது. ராஜராஜேஸ்வரி நகர்ப் பகுதியில் அதன் பெயரில் நடந்த பணிகளுக்கான 118 கோடி ரூபாய் விவகாரம் லோகாயுக்தா விசாரணை வரை போனது.

அதற்கு முன்பே ஒரு பெரிய வெடிப்பு நிகழ்ந்திருந்தது. 2011-ல் மாநகராட்சியின் தொழில்நுட்பக் கண்காணிப்புப் பிரிவு மூன்று தொகுதிகளின் பணிகளைத் தோண்டியது: மல்லேஸ்வரம், ராஜராஜேஸ்வரி நகர், காந்திநகர். முதலாவதும் மூன்றாவதும் ஸ்ரீராம்புரத்தைச் சூழ்ந்த தொகுதிகள். வெளிவந்த முறைகேட்டின் மதிப்பு 1,539 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. வழக்கு சி.ஐ.டி. போலீசிடம் போனது. டெண்டர் சட்டம் அமலுக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த நேரம் அது. மல்லேஸ்வரத்தில் வேலை பார்த்துவிட்டு ஸ்ரீராம்புரத்துக்கு நடந்தே வீடு திரும்பும் ஒருவருக்கு அந்தத் தொகையின் பூஜ்ஜியங்களை எண்ணுவதே சிரமம். தன் தெருவில் எத்தனை முறை ரோடு போட்டார்கள் என்பதை மட்டும் அவரால் எண்ணிவிட முடியும்.

டெண்டர் நடந்தால்கூடப் போட்டி நடந்ததாக அர்த்தமில்லை. சண்டை இப்போது நிபந்தனைகளை யார் எழுதுவது என்ற இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இத்தனை கோடி ரூபாய்க்கு ஒரே வேலையாகச் செய்திருக்க வேண்டும், தார்க் கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், இன்ன இயந்திரம் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று தகுதிகளை அடுக்கிக்கொண்டே போனால், கடைசியில் ஒரே ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிடும். தையல்காரர் அரசாங்கப் பொறியாளர். துணி கொண்டுவந்தவர் கான்ட்ராக்டர்.

இன்னொரு வழி 'பாக்கேஜ்'. பத்துத் தெருக்களின் வேலையைத் தனித்தனியாக டெண்டர் விட்டால் பத்துச் சிறு கான்ட்ராக்டர்கள் வருவார்கள். பத்தையும் கட்டி ஒரே மூட்டையாக்கினால் பெரியவர் ஒருவர் மட்டுமே தூக்க முடியும். அதிகாரிகள் இதற்குச் சொல்லும் காரணத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஒரு சாலைக்கு ஒரே பொறுப்பாளி இருந்தால் கேள்வி கேட்பது சுலபம், தரமும் ஒரே சீராக இருக்கும். ஆனால் மூட்டையைத் தூக்கிய பெரியவர் அதை அவிழ்த்து, அதே பத்துச் சிறு கான்ட்ராக்டர்களிடம் குறைந்த தொகைக்குக் கொடுத்துவிட்டால் பொறுப்பும் மிஞ்சாது, தரமும் மிஞ்சாது. இடையில் ஒரு லாபம் கூடுதலாக முளைத்திருக்கும்.

இந்த மூட்டைக்குள் சமூக நீதியும் சேர்ந்து மூச்சுத் திணறுகிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வேலைகளில் தாழ்த்தப்பட்ட சமூகக் கான்ட்ராக்டர்களுக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கும் திருத்தத்தை சித்தராமையா தம் முதல் ஆட்சியில் இதே சட்டத்தில் சேர்த்தார். 2023-ல் மீண்டும் முதல்வரானதும் வரம்பு ஒரு கோடியாயிற்று. பிற்படுத்தப்பட்டோரில் இரு பிரிவினரும் உள்ளே வந்தார்கள். 2025 மார்ச்சில் வரம்பை இரண்டு கோடியாக்கி, முஸ்லிம்களுக்கு 4 சதவீதம் சேர்க்கும் மசோதா அமளிக்கு நடுவே நிறைவேறியது. மத அடிப்படை ஒதுக்கீடு என்று பி.ஜே.பி. கொதித்தது. ஆளுநர் தாவர்சந்த் கெலாட் மசோதாவை ஜனாதிபதியின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைத்தார். இந்தக் கூச்சலில் பலருக்கும் கேட்காமல் போனது ஒரு சின்னக் கணக்கு: ஒதுக்கீடு வரம்புக்கு உட்பட்ட வேலைக்குத்தான். தெருக்களைச் சேர்த்துக் கட்டி அஞ்சு கோடி ரூபாய் பாக்கேஜ் ஆக்கிவிட்டால் வரம்பு தாண்டிவிடும், ஒதுக்கீடும் இருக்காது. சட்டசபையில் கொடுத்ததை டெண்டர் அறிவிப்பு எழுதும் மேஜையில் எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய நெடுஞ்சாலைகளில் கேள்வி வேறு. அங்கே யாருக்கு என்பதைவிட எந்த முறையில் என்பது முக்கியம். நெடுங்காலமாக நம் பொதுப்பணித் துறைகளின் முறை இதுதான்: வரைபடத்தை அரசுப் பொறியாளர் போடுவார், மண் வேலைக்கு இவ்வளவு, ஜல்லிக்கு இவ்வளவு என்று இனவாரியாகக் கான்ட்ராக்டர் விலை எழுதுவார், அளவுப் புத்தகத்தில் அளந்து பில் போடுவார்கள். அளவில் நீட்டிக்கொண்டே போகலாம் என்பது இதன் நோய். மாற்றாக, வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒருவரிடமே மொத்தத் தொகைக்குக் கொடுக்கும் முறை வந்தது. அமெரிக்காவில் நெடுஞ்சாலை வேலையை மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே கொடுக்க வேண்டும் என்ற பழைய சட்டங்கள் இதற்குக் குறுக்கே நின்றன. 1990-களில் மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. யூட்டா மாநிலம் 2002 குளிர்கால ஒலிம்பிக்சுக்கு முன் சால்ட் லேக் சிட்டியின் 27 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை இந்த முறையில் 1997-ல் தொடங்கி 2001-ல் முடித்துக்காட்டியது.

நம் பக்கத்தில் முறைகளின் வித்தியாசத்தைக் காட்ட பெங்களூர்-மைசூர் சாலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. டெண்டர் சட்டம் பிறப்பதற்கு முன்பே, தேவே கெளடா முதல்வராக இருந்த 1995-ல், ஒரு தனியார் கூட்டமைப்புடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது அரசு. 1997-ல் முழு ஒப்பந்தம் கையெழுத்தானது. 111 கிலோமீட்டர் விரைவுச்சாலை, அதனோடு ஐந்து நகரியங்கள், 20,000 ஏக்கருக்கு மேல் நிலம். சாலைக்கு இவ்வளவு நிலம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. ஆரம்பித்துவைத்த கெளடாவே பிறகு அதன் கடும் எதிர்ப்பாளரானார். வழக்குகள் குவிந்தன. 2006-ல் சுப்ரீம் கோர்ட் திட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகும் முடிச்சு அவிழவில்லை. பெங்களூரைச் சுற்றி ஒரு சுங்கச்சாலை வந்தது. மைசூர் வரை சாலை வரவில்லை.

மைசூருக்குப் போனது வேறொரு சாலை. பழைய நெடுஞ்சாலையையே பத்து வழியாக அகலப்படுத்தும் வேலையை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. மாநிலச் சட்டத்துக்கு அங்கே இடமில்லை. கலப்பு ஆண்டுத்தொகை முறை என்று 2016-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட வழி பின்பற்றப்பட்டது. கட்டும்போது 40 சதவீதத்தை அரசு தரும், மீதியைக் கம்பெனி கடன் வாங்கிப் போடும், பிறகு ஆண்டாண்டாக அரசு திருப்பித் தரும். இரண்டு பாக்கேஜ், சுமார் 118 கிலோமீட்டர், ஏறக்குறைய 8,480 கோடி ரூபாய். 2023 மார்ச்சில் பிரதமர் மோடி மண்டியாவில் திறந்துவைத்தார். திறந்த சில நாட்களிலேயே மழையில் ராமநகரம் அருகே தண்ணீர் தேங்கி வண்டிகள் நின்றது தனிக் கதை. ஆனாலும் ஒன்று கால் நூற்றாண்டாகக் கோர்ட்டில் நிற்க, மற்றொன்றில் வண்டி ஓடுகிறது.

முறை சரியாக இருந்தாலும் மிகக் குறைந்த விலை என்ற கண்ணியில் சிக்கிய வேலைகள் உண்டு. தென்கிழக்கு பெங்களூரின் எஜிபுரா மேம்பாலம் வெறும் 2.5 கிலோமீட்டர். 2017-ல் தொடங்கி 2019-ல் முடிய வேண்டியது. கான்ட்ராக்ட் 2022-ல் ரத்தானது. மறு டெண்டருக்கு ஆள் வராமல் மாதங்கள் ஓடின. தலை வெட்டிய தூண்கள் நடு ரோட்டில் நின்றன. சட்டப்படி எல்லாம் சரி. வேலையை எடுத்தவரால் அதை முடிக்க முடியுமா என்று பார்க்கத்தான் சட்டத்தில் ஒழுங்கான வழி இல்லை. அதேபோல, இந்த ரோடு வேண்டுமா என்று சட்டம் கேட்பதேயில்லை. பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரையிலான 6.7 கிலோமீட்டர் இரும்புப் பாலம் 1,791 கோடிக்கு டெண்டர் முடிந்து தயாராக நின்றது. 2016-ல் மக்கள் வீதியில் மனிதச் சங்கிலி கட்டிய பிறகுதான், 2017 மார்ச்சில் அரசு அதைக் கைவிட்டது.

சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல், அது இருப்பதையே கண்டுகொள்ளாமல் நடந்ததும் உண்டு. பெலகாவி அருகே ஹிண்டலகா கிராமத்தில் திருவிழாவுக்காக 108 சிறு வேலைகள், சுமார் நாலு கோடி ரூபாய்க்கு, வேலை உத்தரவே இல்லாமல் செய்து முடித்ததாக ஒரு கான்ட்ராக்டர் சொன்னார். வாய்மொழி உறுதியை நம்பிக் கடன் வாங்கிப் போட்ட பணம். பில் பாஸாக 40 சதவீதம் கமிஷன் கேட்கிறார்கள் என்று மேலிடம் வரை புகார் கொடுத்தார். 2022 ஏப்ரலில் உடுப்பி லாட்ஜ் ஒன்றில் அவர் பிணமாகக் கிடந்தார். குற்றம் சாட்டப்பட்ட அமைச்சர் ஈஸ்வரப்பா பதவி விலகினார். போலீஸ் சில மாதங்களில் அவர் மீது ஆதாரமில்லை என்று அறிக்கை தந்தது. 40 சதவீதம் என்ற எண்ணை முதலில் ஊரறியச் சொன்னது மாநிலக் கான்ட்ராக்டர்கள் சங்கம். 2021-ல் பிரதமருக்கே கடிதம் எழுதியிருந்தது. அந்த எண் 2023 தேர்தலின் கோஷமாகி பொம்மை அரசைக் கவிழ்க்க உதவியது. காங்கிரஸ் ஆட்சி நியமித்த நீதிபதி நாகமோகன் தாஸ் கமிஷன் 2025 மார்ச்சில் அறிக்கை தந்தது. சங்கத்தின் புகார்க் கடிதங்களோ ஆட்சி மாறிய பிறகும் நிற்கவில்லை.

பொம்மை அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட டெண்டர்களை ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையிலான குழு பார்த்த பிறகே அழைக்க வேண்டும் என்று 2022-ல் ஏற்பாடு செய்தது. அளவெடுத்துத் தைக்கும் சட்டையைத் தைப்பதற்கு முன்பே பிடிக்கும் முயற்சி என்ற வகையில் அது நல்ல யோசனை. ஆனால் ஒரு வார்டு ரோட்டின் மதிப்பு 50 கோடியை எட்டாது. ஸ்ரீராம்புரத்துக்கு அந்த நீதிபதி வரமாட்டார்.

முன்னோடியான தமிழ்நாட்டின் அனுபவமும் இதைவிட நிம்மதியானதல்ல. முதல்வர் எடப்பாடி பழனிசாமியிடமே நெடுஞ்சாலைத் துறை இருந்த காலத்தில், ஒட்டன்சத்திரம்-தாராபுரம்-அவினாசிபாளையம் சாலை உள்ளிட்ட டெண்டர்கள் உறவினர்களுக்குப் போனதாக தி.மு.க. வழக்குப் போட்டது. 2018 அக்டோபரில் சென்னை ஹைகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட் அதைத் தடுத்து, 2022-ல் ரத்தும் செய்தது. 2023-ல் ஹைகோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்தது. உலக வங்கி நிதியில் நடக்கும் வேலைக்கு அந்த வங்கியின் விதிகள்தான் பொருந்தும் என்பதும் வாதங்களில் ஒன்று. கர்நாடகச் சட்டத்திலும் அப்படி ஒரு விலக்கு உண்டு.

கமிஷனும் பாக்கேஜும் கடைசியில் வந்து இறங்கும் இடம் கூலி. அரசு பில்லை நிறுத்தினால் கான்ட்ராக்டர் சப்-கான்ட்ராக்டரை நிறுத்துவார், அவர் மேஸ்திரியை. 2023-ல் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ், முந்தைய ஆட்சியின் மாநகராட்சிப் பணிகளை விசாரிக்கப் போவதாகச் சொல்லிப் பில்களை நிறுத்திவைத்தது. விசாரணை நியாயமானதாக இருக்கலாம். ஆனால் தப்பான பில் போட்டவருக்கும் ஒழுங்காக வேலை செய்தவருக்கும் ஒரே பூட்டு. பெரிய கான்ட்ராக்டர் வங்கியில் வட்டி கட்டிச் சமாளித்தார். மேஸ்திரிக்கு வங்கி இல்லை, கந்துவட்டிக்காரர்தான். சித்தாளுக்கு அதுவும் இல்லை. கொடுத்த வேலைக்கு இத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்று வெளிப்படைத்தன்மைச் சட்டம் அரசைக் கட்டாயப்படுத்துவதில்லை. டெண்டர் போடுபவருக்குத்தான் நாள் கணக்கு.

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாக உடைந்து கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் போனது. அதே ஆண்டு ஜூலையில் ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை 16.75 கிலோமீட்டர் சுரங்கச்சாலைக்கு, கட்டி நடத்திச் சுங்கம் வசூலித்துத் திருப்பித் தரும் முறையில், டெண்டர் அழைக்கப்பட்டது. மதிப்பு ஏறக்குறைய 17,700 கோடி ரூபாய். அந்த டெண்டரின் ஒவ்வொரு நிபந்தனையையும் பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தன. ஸ்ரீராம்புரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில் சாக்கடையை மூடி ரோடு போடும் சில லட்ச ரூபாய் வேலைக்கு அப்படி யாரும் வருவதில்லை. வேலையின் பெயர், தொகை, கான்ட்ராக்டர், முடியும் தேதி எழுதிய பலகை அங்கே நிற்க வேண்டும். பல தெருக்களில் ஜல்லிக் குவியல் இருக்கிறது. பலகை இல்லை.